நம்பிக்கை குடியிருந்த சிவப்புப் பெட்டி

செட்டிநாட்டு ஊர் ஒன்றில் பிற்பகல் வெயில் சாயும் நேரத்தில் நடந்து சென்றால் நம் கண்ணில் படுவது பெரும்பாலும் ஒரே காட்சிதான். கானாடுகாத்தானாக இருக்கட்டும், பள்ளத்தூராக இருக்கட்டும், கோட்டையூராக இருக்கட்டும்; ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும் பெரிய வீடுகள்; பர்மாத் தேக்கில் இழைத்த தூண்களும் நிலைகளும்; ஆத்தங்குடித் தரைக்கற்கள். அவ்வீடுகளுள் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. அவற்றைக் காண்பதற்காகவே கடல் கடந்தும் விருந்தினர் வருகின்றனர். நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர்.

அதே தெரு முனையில், வண்ணம் வெளிறி, அடியில் துருவேறி, ஒரு சிவப்புத் தபால் பெட்டி நின்றுகொண்டிருக்கும். அல்லது ஒரு சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். அதனை யாரும் படம் எடுப்பதில்லை. அதன் முன் நிற்பவரும் இன்று அரியர். ஆயினும் அவ்வளவு பெரிய வீடுகள் எழுந்ததில் இச்சிறு பெட்டிக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொன்னால் அது மிகையாகாது. செட்டிநாட்டின் செல்வத்தைப் பற்றி எழுதியோர் பலர். அச்செல்வம் எந்த நம்பிக்கையின்மேல் நின்றதோ, அந்த நம்பிக்கை நாள்தோறும் புழங்கிய இடத்தைப் பற்றி நாம் சற்றே சிந்தித்துப் பார்ப்போம்.

பெட்டிக்கு முன் இருந்த காலம்

தொலைவில் இருப்போருக்குச் செய்தி விடுக்கும் ஆவல் மனிதனோடு பிறந்தது. தமிழில் ‘தூது’ என்று ஓர் இலக்கிய வகையே உண்டு. அன்னமும் கிளியும் மேகமும் தென்றலும் தூது சென்றன. வறுமையால் ஊரை விட்டு மதுரைக்கு வந்து குளிரில் வாடிய சத்திமுத்தப் புலவர், வானில் பறந்த நாரையிடம் தம் மனைவிக்குச் செய்தி சொல்லி விட்டார் என்பது நாம் பள்ளியில் படித்த கதை. பறவையைத் தூது விட்டவன் உண்மையில் தூதுவன் இல்லாதவன். செல்வர்க்கு ஓலை கொண்டு செல்ல ஆள் இருந்தான்; ஏழைக்கு நாரைதான் இருந்தது.

தூதுவன் இல்லாத இடத்தில் ஒரு பொருளை நம்பிச் செய்தியை விட்டுச் சென்ற வரலாறும் உண்டு. 1501ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த போர்த்துக்கீசியக் கப்பல் தலைவர் ஒருவர், தென்னாப்பிரிக்காவின் மொசெல் விரிகுடாக் கரையில் இறங்கினார். கோழிக்கோட்டில் நேர்ந்த தொல்லைகளைப் பின்வருவோர்க்கு எச்சரிக்க விரும்பி ஒரு கடிதம் எழுதினார். அதனை ஒரு காலணிக்குள் வைத்து மரத்தில் தொங்கவிட்டுச் சென்றார் என்பர். அதே ஆண்டில் இந்தியாவை நோக்கி வந்த ஜோவான் ட நோவா என்னும் தலைவர் கையில் அக்கடிதம் கிடைத்தது. எழுதியவர் யாருக்கென்று எழுதினார்? அவ்வழியே வரப்போகும் யாரோ ஒருவருக்கு. எவரேனும் வருவர், வந்தவர் நல்லவராயிருப்பர் என்ற ஒரே நம்பிக்கைதான் அவருக்குத் துணை. இன்றும் அம்மரத்தின் அருகே காலணி வடிவில் ஒரு தபால் பெட்டி வைத்திருக்கிறார்கள்.

நகரத் தெருவில் பெட்டி வைக்கும் முயற்சி 1653இல் பாரிஸ் நகரில் நடந்தது. வில்லயே என்பவர் தெருக்களில் பெட்டிகளை வைத்தார். அம்முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. அவர்மேல் பொறாமை கொண்டவர்கள் பெட்டிகளில் எலிகளைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள் என்று கதை சொல்வார்கள். எலி கடித்தது கடிதத்தை மட்டுமா? பெட்டியை நம்பியவர்களின் நம்பிக்கையையும் அன்றோ!

தபால்தலை பெற்ற பிள்ளை

தபால் பெட்டி உலகெங்கும் வேரூன்றுவதற்கு முதலில் வேறொன்று பிறக்க வேண்டியிருந்தது. அதுதான் தபால்தலை. முன்னாளில் கடிதக் கூலி தொலைவுக்குத் தக்கபடி மாறியது; பெரும்பாலும் பெறுபவரே அதைக் கொடுக்க வேண்டும். ஆகவே கடிதத்தை ஓர் ஆளிடம் நேரில் கொடுத்து, எடை பார்த்து, கணக்கு எழுதிக்கொள்ள வேண்டும். வாயுள்ள மனிதன் இன்றி அந்த வேலை நடவாது. ரோலண்டு ஹில் என்பாரின் சீர்திருத்தத்தால் 1840இல் இங்கிலாந்தில் முதல் தபால்தலை வெளிவந்தது. கூலியை முன்னமே கொடுத்துவிட்டதற்கு அந்தச் சிறு தாளே சான்று. அதன்பின் கடிதத்தை வாங்கிக்கொள்ள மனிதன் தேவையில்லை. ஒரு பெட்டி போதும்.

அந்தப் பெட்டியை ஆங்கிலேயரிடையே கொண்டுவரத் தூண்டியவர் ஒரு நாவலாசிரியர் என்பது சுவையான செய்தி. அந்தோனி டிராலப் அப்போது தபால் துறையில் அலுவலர். பிரான்சு நாட்டுச் சாலையோரங்களில் கண்ட பெட்டிகளைப் போலத் தம் பொறுப்பிலிருந்த ஜெர்சித் தீவிலும் வைக்கலாம் என்று அவர் பரிந்துரைத்தார். 1852 நவம்பரில் அத்தீவில் முதல் தூண் பெட்டிகள் நிறுத்தப்பட்டன. ஆனாலும் மக்கள் உடனே நம்பிவிடவில்லை. 1869இல் வெளியான அவரது நாவல் ஒன்றில், தெருவில் நிற்கும் இரும்புத் தூணுக்குள் கடிதத்தைப் போட அடியோடு மறுக்கும் ஒரு மூதாட்டி வருகிறார். பெட்டியை நட்டவரே அதனை நம்பாதவரின் மனத்தையும் அறிந்திருந்தார்.

தொடக்கத்தில் அப்பெட்டிகளுக்குச் சிவப்பு நிறம் நிலைபெறவில்லை. பிறகு கண்ணை உறுத்தாமல் இருக்கட்டும் என்று பச்சை பூசினார்கள். அதுவே குறையாயிற்று, பெட்டி எங்கிருக்கிறது என்றே தெரியவில்லை. 1874 முதல் சிவப்பு பூசத் தொடங்கினார்கள். நம் நாட்டுப் பெட்டியின் சிவப்பும் அதன் வழிவந்ததே. ஆனால் எல்லாப் பெட்டியும் சிவப்பன்று. திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்கள் ‘அஞ்சல்’ என்ற பெயரில் தமக்கெனத் தனித் தபால் அமைப்பு வைத்திருந்தன. திருவிதாங்கூரின் வார்ப்பிரும்புப் பெட்டிகள் சங்கு முத்திரை தாங்கிப் பச்சை நிறத்தில் நின்றன. 1951இல் அவ்வமைப்பு இந்தியத் தபால் துறையுடன் இணைந்தது. அஞ்சல் என்ற அச்சொல்லோ நம் அரசு அலுவலகங்களின் பெயர்ப்பலகைகளில் நிலைத்துவிட்டது. மக்கள் வாயில் மட்டும் ‘தபால்’ இன்னும் வாழ்கிறது.

அரையணாவும் கடலும்

1854 அக்டோபர் முதல் நாள் இந்தியா முழுமைக்குமான தபால்தலைகள் வெளிவந்தன. கால் தோலா எடையுள்ள கடிதம் நாட்டின் எந்த மூலைக்குச் செல்லவும் அரையணா என்று விதித்தார்கள். தொலைவு பற்றிய கேள்வியே எழவில்லை. இவ்விதி செட்டிநாட்டுக்கு எத்துணைப் பெரிய வாய்ப்பாக அமைந்தது என்பதை அக்காலத்து வரைபடத்தைப் பார்த்தால்தான் உணர முடியும்.

1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869இல் சூயசுக் கால்வாய் திறந்தபின் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவின் சந்தை கிட்டிற்று. ஐராவதி ஆற்றுப் படுகையில் காட்டை அழித்துக் கழனியாக்கிய உழவர்க்குக் கடன் தேவைப்பட்டது. அக்கடனைக் கொடுத்தவருள் தலையானவர் நகரத்தார். இரங்கூன், மோல்மேன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என அவர்தம் கடைகள் பரவின. 1930ஐ ஒட்டி நடந்த பர்மா மாகாண வங்கி விசாரணையின் கணக்குப்படி அங்கு 1,600க்கும் மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றில் புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய்.

அந்தப் பர்மா 1937 ஏப்ரல் முதல் நாள் வரை இந்தியாவின் ஒரு பகுதியாகவே ஆளப்பட்டது. ஆகவே காரைக்குடியிலிருந்து மதுரைக்குக் கடிதம் போட என்ன கூலியோ, கடல் தாண்டி இரங்கூனுக்குப் போடவும் அதே கூலிதான். அதற்கும் முந்திய நாளில், 1867 வரை, பினாங்கிலும் சிங்கப்பூரிலும்கூட இந்தியத் தபால்தலையே செல்லுபடியாயிற்று. இன்று கடவுச்சீட்டும் அனுமதியும் இன்றிக் கடக்க முடியாத எல்லைகளை அன்று அரையணாத் தபால்தலை கடந்து சென்றது. இலங்கைக்குச் செல்லும் கடிதங்களுக்கும் வழி எளிதாயிற்று. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு இரயில். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். ‘போட் மெயில்’ என்று அந்த இரயிலுக்குத் தபாலை வைத்தே பெயர் வழங்கினார்கள்.

கடல் கடந்த கடையில் ‘மேலாள்’ என்னும் முகவர் பொறுப்பில் இருப்பார், அவருக்குக் கீழே ‘அடுத்தாள்’, பையன்கள். பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அவர் கண் முன்னே ஒரு காசும் கைமாறுவதில்லை. யாருக்கு என்ன வட்டிக்குக் கொடுக்கலாம், எந்த நிலத்தை அடமானம் பிடிக்கலாம் என்பதெல்லாம் எழுத்து வழியே நடந்தது. ஐந்தொகை எழுத்து வழியே வந்தது. உண்டியல்களும் எழுத்து வழியே சென்றன. நாம் ஆலயங்களில் காணிக்கை இடும் பெட்டியை உண்டியல் என்கிறோம். வணிகர்க்கோ உண்டியல் என்பது, இன்னாருக்கு இவ்வளவு தொகை கொடுக்கவும் என்று எழுதிய தாள். இரண்டிலும் ஓர் ஒற்றுமை உண்டு. போட்ட கை போய்விடும். நம்பிக்கை மட்டும் நிற்கும்.

பெருந்தொகை பற்றிய தாள்கள் பதிவுத் தபாலில் சென்றன என்பதை நாம் மறக்கவில்லை. ஆனால் ஒரு வணிகம் பெருந்தொகைகளால் மட்டும் நடப்பதில்லை. அரிசி விலை என்ன, மழை எப்படி, இன்னாருடைய நாணயம் எத்தகையது, பையனுக்குக் காய்ச்சல் தணிந்ததா என்ற அன்றாடச் செய்திகளே அதன் உயிரோட்டம். அவை தெருமுனைப் பெட்டியின் வாய் வழியேதான் கடலுக்குப் போயின.

விலாசம் என்னும் சொல்

‘விலாசம்’ என்ற சொல் நம்மில் பலருக்குக் கடிதத்தின்மேல் எழுதும் முகவரியைக் குறிக்கும். நகரத்தாரிடையே அதற்கு மற்றொரு பொருளும் உண்டு. ஒரு குடும்பத்தின் தொழிற்பெயராக, மூதாதையர் பெயர்களின் முதலெழுத்துகளைத் தொடுத்து வழங்குவதும் விலாசமே. அவ்வெழுத்துகளை ‘மூனா’, ‘ரூனா’, ‘லேனா’ என்று நீட்டி ஒலிப்பது அங்குள்ள வழக்கம். சிதம்பரம், முத்தையா, மெய்யப்பன், வள்ளியப்பன் என்று ஒரே பெயர் ஊருக்குப் பலர் தாங்கியிருந்த நாட்டில், தபால்காரருக்கு ஆளைக் காட்டிக் கொடுத்தவை அந்த எழுத்துகளே. முகவரியும் குடும்பத்தின் மானமும் ஒரே சொல்லில் அடங்கியிருந்தன. விலாசம் கெட்டால் கடிதமும் வாராது; கடனும் கிடைக்காது.

கணவன் பெயரைச் சொல்லாத பழைய வழக்கத்தையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். எழுதத் தெரியாத ஆச்சி கணக்குப்பிள்ளையையோ, பள்ளி செல்லும் பையனையோ அழைத்து உட்காரவைத்துச் செய்தி சொல்லுவார். கடைசியில் உறையின்மேல் பெயர் எழுத வேண்டிய கட்டம் வரும். பெயரைத்தான் சொல்லக் கூடாதே! பையன் தானே தெரிந்துகொண்டு எழுதிவிடுவான். அல்லது விலாசத்தின் எழுத்துகள் துணைக்கு வரும். மூன்றாண்டுப் பிரிவின் கனத்தை அந்நியன் ஒருவன் கையெழுத்தில் ஏற்றி அனுப்பிய பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் சொல்லாமல் விட்டவற்றையும் சேர்த்துத்தான் அந்தப் பெட்டி சுமந்திருக்க வேண்டும்.

செல்வர் மட்டுமா எழுதினார்கள்? அதே இராமநாதபுரச் சீமையிலிருந்து கூலி வேலைக்காக இரங்கூன் துறைமுகத்துக்கும் இலங்கை, மலேயாத் தோட்டங்களுக்கும் சென்ற ஏழைகள் பல்லாயிரவர். 1879 சூலை முதல் நாள் இந்தியாவில் அஞ்சலட்டை வந்தது, விலை காலணா. அடுத்த ஆண்டே மணியார்டர் வந்தது. காலணா அட்டையில் ஒரு குடும்பத்தின் நலமும் நோயும் அடங்கின. தபால்தலை ஒட்டக்கூடக் காசில்லாதவன் ‘பேரிங்’ ஆகப் போட்டுவிடுவான். பெறுபவர் இரட்டிப்புக் கூலி கொடுத்து வாங்க வேண்டும். வாசலில் தபால்காரர் நிற்க, பேரிங் கடிதத்தை வாங்குவதா திருப்புவதா என்று தயங்கிய தாய்மார் உண்டு. வாங்காமல் விட்டவர் மிகச் சிலரே.

பெட்டியின் குணங்கள்

இனி அப்பெட்டியின் இயல்பைச் சற்று நோக்குவோம். அதற்கு வாய் உண்டு, நாக்கு இல்லை. கேட்டதை யாரிடமும் சொல்லாது. வாயின்மேல் மழைக்கு மறைப்பாக ஒரு சிறு கூரை. உள்ளே கை நுழையாதபடி தடுப்பு. போட்டதைத் திரும்ப எடுக்க, போட்டவருக்கும் உரிமை இல்லை. சினத்தில் எழுதிய கடிதத்தைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு, மறுநொடியே விரலை விட்டுத் துழாவிப் பார்த்து வருந்தியவர்களை நாம் அறிவோம். சொல் வெளிப்பட்டால் மீளாது என்பதை அதைவிடத் தெளிவாகக் கற்பித்த ஆசான் வேறில்லை.

அதன் முகத்தில் அடுத்த முறை எப்போது திறப்பார்கள் என்பதைக் காட்டும் சிறு தகடு இருக்கும். தபால் எடுக்க வருபவர் ஒவ்வொரு முறையும் அத்தகட்டை மாற்றிவிட்டுப் போவார். அது கடிதம் போடுவோர்க்குச் செய்தி. எடுப்பவருக்கோ கடமைச் சான்று. இந்நாளில் சில இடங்களில் பெட்டிக்குள் ஒட்டிய கோட்டுக் குறியைக் கைப்பேசியால் பதிந்து அதே சான்றைப் பெறுகிறார்கள். கருவி மாறியது, வந்து திறந்தாயா என்ற கேள்வி மாறவில்லை.

சிற்றூர்களில் பெட்டி இன்னும் எளியது. பள்ளிக்கூடச் சுவரிலோ, டீக்கடை ஓரத்து வேப்பமரத்திலோ தொங்கும். கிளை அஞ்சலகம் என்பதும் பெரும்பாலும் ஒருவர் வீட்டுத் திண்ணைதான். நெடுநாள் கடிதம் விழாத பெட்டிக்குள் குளவி கூடு கட்டும், பல்லி முட்டையிடும். திறக்க வருபவர் முதலில் ஒரு குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டே கையை விடுவார். அவ்வளவு எளிய பெட்டிக்குள் போட்டதற்கு இரசீது கிடையாது, சாட்சி கிடையாது. வங்கியில் பத்து ரூபாய் கட்டினாலும் சீட்டுக் கேட்கும் நாம், மகளுக்கு வரன் பார்த்த செய்தியை, மகன் வேலைக்கான விண்ணப்பத்தை, தீராத பகைக்கான மன்னிப்பை ஒரு சொல்லும் கேளாமல் அதனுள் போட்டுவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினோம். பட்டுக் குஞ்சம் வைத்த அழைப்பிதழும் காலணா அட்டையும் அதே வாய் வழியேதான் நுழைய வேண்டும். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் கிடக்க வேண்டும். மேல் கீழ் பார்க்காத இடங்கள் நம் ஊர்களில் எத்தனை இருந்தன? அச்சிலவற்றுள் இதுவும் ஒன்று.

திண்ணையில் முடியும் பயணம்

தெருவில் பெட்டி இருந்தது. வீட்டு வாசலில் பெட்டி இருந்ததில்லை. தேவையும் இல்லை. செட்டிநாட்டு வீட்டின் திண்ணையே கடிதம் வந்து சேரும் பெட்டி. தபால்காரர் அங்கே உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, கடிதத்தைத் தாமே படித்துச் சொல்லிவிட்டும் போவார். படித்த கடிதங்கள் சுவரில் தொங்கும் கம்பியில் குத்தப்பட்டு நாளடைவில் ஒரு மாலைபோலத் திரளும். பழையது அடியில், புதியது மேலே. வீட்டின் வரலாறு அந்தக் கம்பியில் அடுக்கடுக்காக இருந்தது.

கடிதத்தைப் பிரிக்குமுன்பே செய்தி தெரிந்துவிடும். மூலைகளில் மஞ்சள் தடவியிருந்தால் மங்கலம். ஓரத்தில் கறுப்பு மை தீட்டியிருந்தால் சாவு. கறுப்பு மைக் கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வாசலிலேயே படித்துக் கிழித்துவிடுவார்கள். கிழித்தார்களே தவிர, அதைக் கொண்டுவந்த தபால்காரரை யாரும் வெறுத்ததில்லை. மறுநாளும் அவர் வரவுக்காகக் காத்திருந்தார்கள்.

கடல் மௌனமான ஆண்டுகள்

அந்தக் காத்திருப்பு எவ்வளவு பெரியது என்பதைச் செட்டிநாடு ஒரு கொடிய காலத்தில் உணர்ந்தது. 1941 டிசம்பர் 23ஆம் நாள் இரங்கூனில் சப்பானியக் குண்டுகள் விழுந்தன. அம்மாதமே பினாங்கு வீழ்ந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும், மார்ச் 8இல் இரங்கூனும் சப்பானியர் கைக்குப் போயின. பர்மாவிலிருந்து 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் வெளியேறினர். கப்பல் கிடைக்காதவர்கள் அரக்கான், மணிப்பூர் மலைவழிகளில் நடந்தே வந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் ஆயிரக்கணக்கானோர்.

சப்பானியர் பிடியில் சிக்கிய ஊர்களிலிருந்து வழக்கமான தபால் நின்றது. 1945இல் போர் முடியும்வரை ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் அந்த மௌனம் நீடித்தது. செட்டிநாட்டுத் தெருமுனைகளில் பெட்டிகள் அப்படியே நின்றன, தபால்காரரும் வந்தார், உள்நாட்டுக் கடிதங்களைக் கொடுத்தார். பினாங்குக் கடிதம் மட்டும் இல்லை. கணவன் உயிரோடிருக்கிறானா, தாலியைக் காப்பதா கழற்றுவதா என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் திண்ணையைப் பார்த்திருந்த பெண்களின் நிலையை எண்ணிப் பார்ப்போம். மஞ்சள் தடவிய கடிதத்தை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. கறுப்பு மைக் கடிதமாவது வந்தால் உறுதியாகுமே என்று ஏங்கும் அளவுக்கு மௌனம் கொடியது.

இக்காலத்தில் மேடானையும் பினாங்கையும் நேரில் கண்டவர் சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம். அவர் எழுதிய ‘புயலிலே ஒரு தோணி’ நாவலில் அப்போர்க்கால உலகத்தை நாம் காணலாம். போருக்குப் பின் பர்மாவின் செல்வமும் திரும்பவில்லை. 1948இல் அந்நாடு விடுதலை பெற்று நிலங்களைப் பொதுவுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. 1963, 1964 ஆண்டுகளில் வங்கிகளும் கடைகளும் அரசின் வசமாயின. வெறுங்கையோடு திரும்பியோர் பலர். செட்டிநாட்டார் கொடுத்த கடனைப் பற்றிப் பர்மா உழவர்க்குச் சொல்லக் கசப்பான கதைகள் உண்டு என்பதையும் நேர்மையோடு நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். கடிதம் அனைவரையும் சமமாகச் சுமந்தது. ஆனால் கடிதத்தில் எழுதப்பட்டவை எல்லாருக்கும் சமமான நீதியாக இருக்கவில்லை.

இன்று பெட்டி முன்னே

1972 ஆகஸ்டு 15 முதல் ஆறிலக்கக் குறியீட்டு எண் வந்தது. காரைக்குடி 630001 ஆயிற்று. தேவகோட்டை 630302 ஆயிற்று. விலாசத்தின் எழுத்துகள் செய்த வேலையை எண்கள் எடுத்துக்கொண்டன. பின்னர் தொலைபேசியும் கைப்பேசியும் வந்தன. 2013 சூலையில் தந்தி விடைபெற்றது. பழைய முறைத் தாள் மணியார்டர் 2015இல் நின்றது. 2025 செப்டம்பர் முதல் நாள் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டது. அப்போது, தபால் பெட்டிகளையே எடுத்துவிடப் போகிறார்கள் என்றொரு வதந்தியும் பரவியது. அது உண்மையன்று. ஆயினும் அதனை மக்கள் எளிதாக நம்பியது சிந்தனைக்குரியது. வெறுமையாக நிற்கும் பொருள் போய்விடும் என்பது யாருக்கும் இயல்பாகத் தோன்றிவிடுகிறது.

டென்மார்க் நாட்டில் அது நடந்தே விட்டது. நானூறு ஆண்டு மரபுள்ள அந்நாட்டு அஞ்சல் நிறுவனம், 2025 சூன் முதல் 1,500 பெட்டிகளை அகற்றத் தொடங்கியது. அவ்வாண்டு முடிவோடு கடிதம் கொண்டுசேர்க்கும் பணியையே கைவிட்டது. பெட்டியை அகற்றியது நிறுவனம் என்றாலும், அதற்குக் காரணம் பெட்டியை மறந்த மக்களே.

நம்மைச் சுற்றி இரு காட்சிகள் உள்ளன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் உண்டு. விற்கப்பட்ட வீடுகளின் தூண்களும் சாமான்களும் அங்கே வந்து சேர்கின்றன; சில வேளை கம்பியிலிருந்து உருவிய பழைய கடிதங்களும் வருகின்றன. தபால்தலைக்காக அவற்றை வாங்குவோர் உண்டு. எழுத்தைப் படிப்போர் இல்லை. மற்றொரு காட்சி கோட்டையூரில் நடந்தது. பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா செட்டியார், பிறர் குப்பை என்று தள்ளிய நூல்களையும் அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் கடிதங்களையும் தம் வாழ்நாள் முழுதும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ 1,00,000 பொருள்கள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அவை சென்னைக்கு வந்து, 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றன. ஒரே மண்ணில் ஒருபுறம் கடிதம் விலைக்குப் போகிறது. மறுபுறம் கடிதம் வரலாறாகக் காக்கப்படுகிறது. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் கட்டு இவ்விரண்டில் எவ்வழியில் செல்லும் என்பதை முடிவு செய்பவர் நாமே.

கைப்பேசியைப் பழிப்பது நம் நோக்கமன்று. 1942இல் ஒரு கைப்பேசி இருந்திருந்தால் எத்தனை கண்கள் உறங்கியிருக்கும்! விரைவு பெரும் பேறுதான். ஆனால் விரைந்து வரும் செய்தி விரைந்தே மறைகிறது. எழுதுமுன் எண்ணவும், அனுப்பியபின் காத்திருக்கவும், வந்ததைக் கம்பியில் சேர்த்து வைக்கவும் கடிதம் நமக்குக் கற்றுக்கொடுத்தது. முன்பின் அறியாத பல கைகளை நம்பி நம் சொல்லை ஒப்படைக்கவும் கற்றுக்கொடுத்தது. அந்த நம்பிக்கை பழுதாகவில்லை என்பதற்கு அந்த வீடுகள் ஒரு சாட்சி. அந்தக் கம்பிகள் மற்றொரு சாட்சி.

அஞ்சலட்டையின் விலை இன்றும் 50 காசுதான். பூட்டிய பெரிய வீடுகளின் பின்கட்டில், பிள்ளைகள் வெளிநாட்டில் வாழ, தனித்திருக்கும் முதியோர் இன்றும் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் நம் உறவினராகவோ பழைய ஆசிரியராகவோ இருக்கக் கூடும். நலம் கேட்டு நான்கு வரி எழுதி, அவர் பெயரைச் சரியாக எழுதி, குறியீட்டு எண்ணையும் மறவாமல் இட்டு, தெருமுனைக்கு நடந்து சென்று அந்தச் சிவப்புப் பெட்டியில் போடுவோம். குளவிக் கூடு இருந்தால் தபால்காரர் பார்த்துக்கொள்வார். சில நாள்களில் ஒரு திண்ணையில் ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் தேடுவார்.